பனி மூடிய பூங்காவில் பறவை பார்க்கலாம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பனி கொட்டிய பிறகு நகரப் பூங்காவை ஒரு மணி நேரம் சுற்றினாலும் ஒரு குருவிகூடத் தென்படுவதில்லை. பிறகு திடீரென்று ஒரே மரத்தில் நாலைந்து வகைப் பறவைகள். ஏன் இப்படி? எங்கே போய் நிற்பது?

பதில்: குளிர்காலத்தில் சின்னப் பறவைகள் பூங்கா முழுக்கப் பரவி இருப்பதில்லை. பட்டாணிக் குருவியின் உறவினங்களான டிட், சிக்கடி ஆகியவை கூட்டமாக அலையும். பசையெடுப்பான் (நட்ஹாட்ச்), சிறிய மரங்கொத்தி, அடிமரத்தைச் சுற்றிச் சுற்றி ஏறும் ட்ரீகிரீப்பர் எல்லாம் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். பல கண்கள் காவல் இருந்தால் பருந்து வருவது முன்பே தெரிந்துவிடும். ஒவ்வொன்றும் இரை தேடக் கூடுதல் நேரம் கிடைக்கும். ஆகவே கூட்டம் இருக்கும் மரத்தில் எல்லாம் உண்டு, மற்ற இடத்தில் ஒன்றும் இராது.

முதலில் காதைத் தீட்டுங்கள். இரை தேடும் கூட்டம் மெல்லிய, கீச்சென்ற குரலில் ஓயாமல் பேசிக்கொண்டே நகரும். பனியில் நடக்கும்போது எழும் நறநறச் சத்தம் அந்தக் குரலை மூடிவிடும். கொஞ்ச தூரம் நடந்து, மூன்று நான்கு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். கம்பளித் தொப்பி காதை முழுதும் மறைத்திருந்தால் அப்போது சற்றே தூக்கிவிடுங்கள்.

நிற்க வேண்டிய இடங்களைத் தீர்மானிப்பவை வெயில், காற்றுமறைவு, தீனி. காலை வெயில் விழும், காற்று அடிக்காத மர ஓரம் முதல் தேர்வு. பிர்ச், ஆல்டர் மரங்களின் விதைக் காய்களில் சிஸ்கின் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தின்னும். ரோவன், ஹாதார்ன் மரங்களில் சிவப்புப் பழம் மிச்சமிருந்தால் வாக்ஸ்விங் கூட்டம் வந்து இறங்கலாம். பழம் தீர்ந்த மறுகணமே அது கிளம்பிவிடும். அதனால் இன்று பார்த்த மரத்தை நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள். பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காய்ந்த களைச்செடிகளையும் விட்டுவிட வேண்டாம். அழகுக்காக அவற்றை வெட்டித் தள்ளாத பூங்காவில்தான் விதையுண்ணிகள் தங்கும்.

நேரம் என்றால், சூரியன் எழுந்த முதல் இரண்டு மணி நேரம். நீண்ட இரவில் உடல் கொழுப்பை எரித்துத்தான் இவை உயிரோடு இருக்கின்றன. கருந்தலைச் சிக்கடி இரவில் உடல் வெப்பத்தைப் பகலில் இருப்பதைவிடச் சுமார் 10 டிகிரி செல்சியஸ் குறைத்துச் செலவை மிச்சப்படுத்துகிறது. விடிந்ததும் கடும் பசி. மனிதர் அருகில் இருப்பதைக்கூட அவ்வளவாகப் பொருட்படுத்தாது. அந்த நேரத்தில் விரட்டிப் படமெடுத்தால், அது தின்ன வேண்டிய நேரத்தைத்தான் நாம் பறிக்கிறோம்.

கேள்வி: பைனாகுலரில் கண் வைத்ததுமே ஆவி படிகிறது. என்ன செய்வது? எந்த அளவு வாங்கலாம்?

பதில்: 8x42 போதும், அதாவது 8 மடங்கு உருப்பெருக்கம், 42 மில்லிமீட்டர் அகல முன்கண்ணாடி. குளிரில் கை நடுங்கும்போது 10 மடங்கு உருப்பெருக்கம் அந்த நடுக்கத்தையும் பெரிதாக்கும்.

ஆவி மூன்று விதம். வாயை மூடிக் கட்டிய மஃப்ளர் மூச்சை மேல்நோக்கித் தள்ளிக் கண்பக்கக் கண்ணாடியில் படியவைக்கும். மஃப்ளரை முகவாய்க்குக் கீழே இறக்குங்கள், மூச்சைக் கீழ்நோக்கி விடுங்கள். கண்குவளையை ஒரு சுற்று வெளியே இழுத்தால் இடையில் காற்றோட்டம் கிடைக்கும். படிந்தது உறைந்துவிட்டால் கையுறையால் தேய்க்காதீர்கள், கண்ணாடிப் பூச்சில் கீறல் விழும். இரண்டாவது, வீட்டுக்குள் வந்ததும் மொத்தக் கருவியும் வியர்ப்பது. உள்ளே நுழையும் முன்பே பைக்குள் போட்டு இறுக மூடி, அறை வெப்பத்துக்கு வரும்வரை ஓரிரண்டு மணி நேரம் திறக்காமல் வையுங்கள். மூன்றாவது, கண்ணாடிக்கு உட்புறம் ஆவி. நைட்ரஜன் நிரப்பி அடைத்த கருவியில் இது வரக் கூடாது. வந்தால் அடைப்பு போய்விட்டது, பழுதுபார்க்கக் கொடுத்தே ஆக வேண்டும்.

கேள்வி: புகைப்படத்தில் பனி சாம்பல் நிறமாகவும் பறவை கறுப்பாகவும் விழுகிறதே?

பதில்: வெண்மையைக் கேமரா அதிக வெளிச்சம் என்று கணக்கிட்டுவிடுகிறது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +1 வையுங்கள், வெயில் பளீரென்றால் இன்னும் சற்றுக் கூட்டுங்கள். மாற்று பேட்டரி உள்சட்டைப் பையில் இருக்கட்டும். குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும்.

கேள்வி: உறைந்த குளத்தின் மேல் வாத்துகள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கின்றன. கால் ஒட்டிக்கொண்டதா? ரொட்டி போடலாமா?

பதில்: பெரும்பாலும் ஒட்டியிருக்காது. வாத்தின் காலில் கீழே இறங்கும் சூடான இரத்தமும் மேலேறும் குளிர்ந்த இரத்தமும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. சூடு அங்கேயே கைமாறி உடலுக்குத் திரும்பிவிடும். பாதம் உறைநிலைக்குச் சற்று மேலே இருந்தால் போதும். பத்து நிமிடம் பாருங்கள். சிறகடித்தும் எழ முடியாமல் துடித்தால் மட்டும் வனவிலங்கு மீட்புக் குழுவை அழையுங்கள். நீங்கள் பனிக்கட்டியில் கால் வைக்கவே வேண்டாம்: வாத்துகள் கூடுவது நீர் உறையாத இடத்தை ஒட்டி, அங்கேதான் கட்டி மெலிந்திருக்கும்.

ரொட்டி வேண்டாம். வயிறு நிறையும், சத்து சேராது. பூங்கா விதி அனுமதித்தால் ஓட்ஸ் அல்லது உடைத்த சோளம், தின்று தீர்க்கும் அளவு மட்டும்.

கேள்வி: ஆந்தை இருக்கும் மரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஊசியிலை மரத்தடியில் வெள்ளை எச்சக் கோடுகளையும், மயிரும் எலும்பும் திரண்ட சாம்பல் நிற உமிழ் உருண்டைகளையும் தேடுங்கள். புதுப்பனியில் உருண்டை சட்டென்று தெரியும். சின்னப் பறவைகள் ஒரு கிளையைச் சுற்றிக் கத்தினாலும் அண்ணாந்து பாருங்கள். நீள்காது ஆந்தை உடலை ஒல்லியாக நீட்டி, காதுக் குடுமியை நட்டமாக நிறுத்தினால் பயந்துவிட்டது, உடனே பின்வாங்குங்கள். ஃபிளாஷ், பதிவு செய்த குரல் இரண்டும் கூடவே கூடாது. அதன் இடத்தை இணையத்தில் போடாதீர்கள். பகலில் ஒருமுறை கிளப்பிவிட்டால் காகங்கள் துரத்தும்.

கேள்வி: பறவைக் கணக்கெடுப்பில் சேர ஆசை. ஒரே சிக்கடி திரும்பத் திரும்ப வந்தால் எப்படி எண்ணுவது?

பதில்: அமெரிக்காவில் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் 1900-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் கணக்கெடுப்பு, ஆண்டுதோறும் டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை, 24 கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டங்களில் நடக்கிறது. அதில் குழுவோடு நடக்கலாம். தனியாக ஓரிடத்தில் நின்று எண்ணும்போது, ஒரே நேரத்தில் கண்ட அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள்: முதலில் 3, பிறகு 5, பிறகு 2 என்றால் பதிவு 5. நடந்து எண்ணினால் வந்த வழியே திரும்பும்போது, புதிய இனம் தென்பட்டால் தவிர, எதையும் சேர்க்காதீர்கள்.