ஆல்ப்ஸ்ல ஒரு வாரம் பைக் ஓட்டப் போறீங்களா? கலரை விடுங்க, இறக்கத்தைப் பாருங்க

ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "மூணு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து ஜூலை கடைசில ஒரு வாரம் ஆல்ப்ஸ்ல மவுன்டன் பைக் ஓட்டலாம்னு இருக்கோம். ரெண்டு வருஷமா ட்ரெயில் ஓட்டுறோம், வேர், கல்லு, சின்ன ஜம்ப் எல்லாம் சமாளிச்சுடுவோம். எந்த ஊர்ல தங்கலாம்? ப்ளூ, ரெட், பிளாக்னு போட்டிருக்காங்களே, எங்க லெவலுக்கு எது? மேப் ஆப்ல தெரியுற பாதையில எல்லாம் ஓட்டலாமா? பைக்கை எடுத்துட்டுப் போறதா, அங்கேயே வாடகைக்கு எடுக்குறதா?"

நாலு கேள்வியும் சரியான கேள்விதான், ஆனா கேக்காம விட்ட ஒண்ணுலதான் முதல் தடவை போறவங்க நிறைய பேர் மாட்டிக்கிறாங்க, அதனால அதை முதல்ல சொல்லிடறேன். நீங்க இதுவரைக்கும் நிறுத்தாம அதிகபட்சம் எத்தனை மீட்டர் உயரம் இறங்கியிருக்கீங்க? சாதாரண ட்ரெயில்ல நூறு, நூத்தம்பது மீட்டர் இறங்குனதும் மறுபடி மிதிச்சு ஏறணும், அந்த ஏத்தத்துலதான் கையும் பிரேக்கும் ரெஸ்ட் எடுக்கும். ஆல்ப்ஸ்ல ஒரு லிஃப்ட் (பைக்கையும் ஏத்திக்கிற ரோப்கார்) ஏறினா 700, 1,000 மீட்டர் கூட மொத்தமா கீழ இறங்குறதுதான், நடுவுல ஏத்தமே இருக்காது. ஆல்ப் டூவேஸ்ல நடக்குற மெகாவலாஞ்ச் ரேஸை எடுத்துக்கோங்க, 3,330 மீட்டர்ல பிக் பிளாங்க் உச்சியில பனி மேல கிளம்பி அலமோன் கிராமம் வரைக்கும் 2,600 மீட்டர் இறக்கம். அந்த மாதிரி நீங்க ஓட்டணும்னு சொல்லல, அந்த மலையோட அளவு அப்படின்னு சொல்றேன்.

கணக்கா பாத்தா, நீங்க, பைக், பை எல்லாம் சேத்து 90 கிலோன்னு வைங்க, 1,000 மீட்டர் இறங்கும்போது கிட்டத்தட்ட 880 கிலோஜூல் எனர்ஜி எங்கயாவது போயாகணும், கொஞ்சம் காத்துலயும் டயர்லயும் போகும், மீதி எல்லாம் பிரேக்ல சூடா மாறும். மொத்தமும் சூடாச்சுன்னா ரெண்டரை லிட்டர் பச்சத்தண்ணிய கொதிக்க வைக்கலாம், அவ்ளோ சூட்டை அந்த ரெண்டு தகடும் வாங்கிக்குது. பயந்துக்கிட்டு லேசா பிரேக்கை புடிச்சபடியே இறங்குறவங்களுக்குத்தான் சீக்கிரம் பிரேக் போகும், ஏன்னா டிஸ்க் ஆறுறதுக்கு நேரமே கிடைக்கல. வளைவுக்கு முன்னாடி நல்லா அழுத்திப் புடிச்சு வேகத்தைக் குறைங்க, வளைவுல முழுசா விட்டுடுங்க, இந்த ஒரு பழக்கத்தை கிளம்புறதுக்கு முன்னாடியே உங்க ஊர் ட்ரெயில்லயே பழகிக்கோங்க. லீவர் ஹேண்டில்பார் வரைக்கும் வந்துடுச்சு, இல்ல கருகுற வாடை வருதுன்னா ஓரமா நிறுத்தி தானா ஆற விடுங்க, தண்ணி ஊத்தாதீங்க, சூடான டிஸ்க் கோணிடும். முன்னாடி 200 மி.மீ ரோட்டர் (பிரேக் டிஸ்க்) இருக்கணும், பின்னாடியும் இருந்தா நல்லது, பிரேக் பேட் சின்டர்டு டைப்பா (உலோகத் தூளை இறுக்கிச் செஞ்சது) இருந்தா சூட்டையும் மழையையும் தாங்கும், சத்தம் கொஞ்சம் போடும், அது பரவால்ல.

கையும் அதே கதைதான். முன்னங்கை கல்லு மாதிரி இறுகி விரல் மடங்காம போயிடும், அந்த நிலைமையில கடைசி 200 மீட்டர் ஓட்டும்போதுதான் விழுறது. லீவரை ஒரு விரலுக்கு எட்டுற மாதிரி கிட்ட நகர்த்தி வைங்க, முதல் ரெண்டு நாள் கால்வாசி தூரத்துக்கு ஒருதரம் நிறுத்துங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல.

இப்ப கலர். ப்ளூ ஈஸி, ரெட் மீடியம், பிளாக் கஷ்டம், ஃபிரான்ஸ்ல அதுக்கும் கீழ க்ரீன் ஒண்ணு இருக்கும். ஆனா கலரை அந்தந்த ஊர்க்காரங்கதான் போடுறாங்க, ஒரு ஊர் ரெட்டும் இன்னொரு ஊர் ரெட்டும் ஒண்ணா இருக்காது. அதைவிட முக்கியம், ட்ரெயில் மெஷின் வச்சு வெட்டுனதா இல்ல தானா உண்டான மலைப்பாதையான்னு பாருங்க. வெட்டுன ஃப்ளோ லைன்ல (வழவழன்னு வளைஞ்சு போற பாதை) ரெட்னா பெரிய பெர்ம் (ஓரத்துல மண் மேடு கட்டுன வளைவு), டேபிள்டாப் (மேல தட்டையான) ஜம்ப், உருட்டிக்கிட்டே இறங்கிடலாம். இயற்கைப் பாதையில ரெட்னா வேர், படிக்கட்டு மாதிரி பாறை, ஒரு பக்கம் பள்ளம், மழை பெஞ்சா வழுக்கும். இயற்கைப் பாதைக்கு ஜெர்மன் பேசுற பக்கம் சிங்கிள்ட்ரெயில் ஸ்கேல்னு ஒண்ணு வச்சிருக்காங்க, எஸ்0-ல இருந்து எஸ்5 வரைக்கும். எஸ்1-ல சின்ன வேர், உதிரிக் கல்லு, எஸ்2-ல சின்ன படிகளும் நெருக்கமான வளைவும், எஸ்3-ல ஆளை நிறுத்தி யோசிக்க வைக்கிற பாறையும் ஹேர்பின்னும். நீங்க சொல்றத வச்சு பாத்தா எஸ்1 தாராளமா, எஸ்2 ரெண்டு நாள் பழகுனப்புறம், எஸ்3 இந்த ட்ரிப்ல வேணாம். முதல் நாள் கண்டிப்பா ப்ளூதான், போரடிச்சாலும்.

ஊரு விஷயத்துல என் ஓட்டு ஆஸ்திரியாவுல சால்பாக், லியோகாங் பக்கத்துக்கு. ரெண்டும் லிஃப்ட்லயே இணைஞ்சிருக்கு, ப்ளூ ஃப்ளோ லைனும் இருக்கு, 2012-லயும் 2020-லயும் உலக சாம்பியன்ஷிப் நடந்த இடமும் அங்கதான் இருக்கு, அதனால ஒரே இடத்துல இருந்தே படிப்படியா ஏறலாம். நாள் முழுக்க லிஃப்ட் ஏறி இறங்கி சலிக்கவே கூடாதுன்னா ஃபிரான்ஸ், சுவிஸ் எல்லைல இருக்குற போர்ட் டு சொலே, பன்னெண்டு ஊர் சேர்ந்த ஏரியா, மோர்ஸின் இல்ல லே ஜேல தங்கலாம், ஆனா ஜூலை கடைசில கூட்டத்தால பாதையெல்லாம் பிரேக்கிங் பம்ப் (எல்லாரும் பிரேக் புடிச்சுப் புடிச்சு உண்டான குழியும் மேடும்) விழுந்து தூசியா இருக்கும், கை இன்னும் சீக்கிரம் செத்துடும். சுவிஸ்ல தாவோஸ், லென்சர்ஹைடே பக்கம் இயற்கைப் பாதை அருமை, மிதிச்சு ஏறவும் தயாரா இருக்கணும், ரெண்டாவது ட்ரிப்புக்கு வைங்க. இத்தாலியில வின்ஷ்காவ் பள்ளத்தாக்கு நல்லா காஞ்ச இடம், அங்க சீசன் வசந்தமும் இலையுதிர் காலமும்தான், ஜூலைல வெயில் வாட்டும். எது எடுத்தாலும் ஒரே ஊர்ல தங்குங்க. ஏழு நாள்ல மூணு ஊர்னு பிளான் போட்டா பாதி நேரம் பெட்டி கட்டுறதுலயே போயிடும்.

அடுத்தது சட்டம், இதுல கொஞ்சம் பொறுமையா கேளுங்க. ஆப்ல கோடு தெரியுறதால ஓட்டலாம்னு அர்த்தம் இல்ல. ஆஸ்திரியாவுல 1975 காட்டுச் சட்டப்படி காட்டுக்குள்ள பொழுதுபோக்குக்கு யாரும் நடந்து போகலாம், சைக்கிள் ஓட்டணும்னா காட்டோட சொந்தக்காரர் சம்மதம் வேணும். அகலமான ஜல்லி ரோடா இருந்தாலும் இதே கதைதான், அதனாலதான் நல்ல ரோடு வாசல்லயே தடை போர்டு நிக்கும். வேட்டைக்காரங்களும் காட்டுச் சொந்தக்காரங்களும் இதை சீரியஸா எடுத்துக்குறவங்க, நஷ்டஈடு கேட்டு வக்கீல் கடிதம் வர்றதெல்லாம் உண்டு. அங்க பைக்குன்னு போர்டு வச்சு திறந்துவிட்ட ரூட்ல மட்டும் ஓட்டுங்க, அந்தி சாயுறதுக்குள்ள இறங்கிடுங்க, அது மான்கள் மேய வர்ற நேரம். சுவிஸ்ல கிராவ்பூண்டன் மாநிலத்துல இதுக்கு நேர் எதிரா தாராளம், தடை போர்டு இல்லாத நடைபாதையில பொதுவா ஓட்டலாம், ஆனா நடக்குறவங்களுக்குத்தான் முதல் உரிமை, அவங்களைப் பாத்ததும் வேகத்தைக் குறைச்சு வணக்கம் சொல்லி வழி விடுங்க. அதே மாநிலத்துல இருக்குற சுவிஸ் தேசியப் பூங்காவுக்குள்ள பைக்குக்கு அனுமதி கிடையாது, ஃபிரான்ஸ்ல வானுவாஸ், எக்ரான் தேசியப் பூங்காக்களோட மையப் பகுதியிலயும் பாதைகள்ல பொதுவா தடைதான். சுவிஸ்ல பாறையில பெயின்ட் அடிச்சிருப்பாங்க, வெள்ளை-சிவப்பு-வெள்ளைன்னா செங்குத்தான மலைப்பாதை, வெள்ளை-நீலம்-வெள்ளைன்னா கயிறு புடிச்சு ஏறுற அளவுக்குப் போகலாம், அந்த நீலத்தைப் பாத்தா திரும்பிடுங்க. மேய்ச்சல் நிலத்துல கேட்டைத் திறந்தா மூடிட்டுத்தான் போகணும். மாடு கன்னுக்குட்டியோட நின்னா ரெண்டுக்கும் நடுவுல புகுந்து போகாதீங்க, இறங்கி சுத்திப் போங்க.

பைக் வாடகைக்கே எடுங்க. உங்க கிட்ட இருக்குறது சஸ்பென்ஷன் 120, 130 மி.மீ அமுங்குற ட்ரெயில் பைக்னா அது அங்க உடையாது, ஆனா ஒரு வாரத்துல உங்களை உடைச்சுடும். 160 மி.மீ எண்டூரோ பைக் (நீள இறக்கத்துக்கான வகை), தடிச்ச கேசிங் (வெளித்தோல்) டயர், டியூப்லெஸ், இவ்ளோ கேளுங்க போதும். கடையில இருந்து கிளம்புறதுக்கு முன்னாடி அங்கேயே பிரேக்கை புடிச்சுப் பாருங்க. ஐரோப்பாவுல பெரும்பாலும் இடது கை லீவர்தான் முன் பிரேக், பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா மாதிரி நாடுகள்ல வலது கைதான் முன் பிரேக், அந்தப் பழக்கத்துல இருக்குறவங்க முதல் செங்குத்துல தப்பான கையை அழுத்தினா ஹேண்டில்பாருக்கு மேல பறந்து போவாங்க. மாத்தித் தரச் சொன்னா பல கடையில மாத்தித் தருவாங்க. ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட், முட்டி பேட், முதுகு பேட் எல்லாம் அங்கேயே கிடைக்கும், கையுறை மட்டும் உங்களோடது கொண்டு போங்க.

வானிலையும் நேரமும் சேர்ந்தே வரும். ஜூலை, ஆகஸ்ட்ல காலைல பளிச்சுன்னு இருக்கும், மத்தியானத்துக்கு மேல மேகம் திரண்டு இடி இடிக்கும், அதனால உயரமான ட்ரெயிலை காலைலயே முடிச்சுட்டு மத்தியானம் கீழ காட்டுக்குள்ள வந்துடுங்க. வடக்கு பாத்த சரிவுல 2,500 மீட்டருக்கு மேல ஜூலைலயும் பனித்திட்டு கிடக்கலாம், லிஃப்ட் கவுன்ட்டர்லயே எது திறந்திருக்குன்னு போட்டிருப்பாங்க. கடைசி லிஃப்ட் பெரும்பாலும் சாயங்காலம் நாலரை, அஞ்சு மணிக்குள்ள, தப்பான பள்ளத்தாக்குல இறங்கிட்டு அதை விட்டீங்கன்னா பஸ்ஸோ டாக்ஸியோதான்.

இன்சூரன்ஸ் பத்தி கேக்கல, ஆனா சொல்லாம விட முடியாது. ஷெங்கன் விசாவுக்கு எடுக்குற 30,000 யூரோ பாலிசி விசாவுக்குப் போதும், அதுல டவுன்ஹில் பைக்கிங், ஹெலிகாப்டர் மீட்பு ரெண்டும் சேர்ந்திருக்கான்னு சின்ன எழுத்தைப் படிங்க, பல பாலிசியில விலக்கி வச்சிருப்பாங்க. எமர்ஜென்சிக்கு 112 எல்லா நாட்டுலயும் வேலை செய்யும், ஆஸ்திரியாவுல மலை மீட்புக்கு 140, சுவிஸ்ல ரேகாங்கிற மீட்பு ஹெலிகாப்டருக்கு 1414. சிக்னல் இல்லாத இடம்னா நிமிஷத்துக்கு ஆறு தடவை விசில் இல்ல டார்ச், அப்புறம் ஒரு நிமிஷம் சும்மா இருந்துட்டு மறுபடி ஆறு. பதிலுக்கு நிமிஷத்துக்கு மூணு தடவை வந்தா அவங்க கேட்டுட்டாங்கன்னு அர்த்தம்.

பையில ஒரு டியூப், டயர் ப்ளக், செயின் லிங்க், அப்புறம் வாடகைக் கடையிலேயே கேட்டு அந்த பைக்குக்குப் பொருந்துற டெரெய்லர் ஹேங்கர் (பின் கியரைத் தாங்குற சின்ன உலோகத் துண்டு) ஒண்ணு வாங்கிப் போட்டுக்கோங்க, சனிக்கிழமை சாயங்காலம் அது வளைஞ்சா ஞாயித்துக்கிழமை அங்க பல கடை மூடியிருக்கும்.