மேலே போகப் போகச் சூடு கூடுகிறது: மோசாயிக் பலூன் தரவில் பிழையா?

பிழை இல்லை. மோசாயிக் என்ற ஆர்க்டிக் ஆய்வுப் பயணத்தின் 2020 ஜனவரித் தரவில் பனித்தரையை விட 400 மீற்றர் உயரத்தில் சூடு கூட என்று உங்கள் வரைபு காட்டுவது வெப்பநிலைத் தலைகீழ். ஆர்க்டிக் மாரியில் அது வழமை.

அங்கே அப்போது சூரியன் இல்லை. வானம் வெளித்திருந்தால் பனித்தரை வெப்பத்தைக் கதிர்வீச்சாக இழந்துகொண்டே இருக்கும். அதோடு ஒட்டிய காற்றும் குளிரும், மேலே உள்ள காற்று அவ்வளவு குளிராது. தை விடியலில் இரணைமடுப் பக்கம் வயலோடு ஒட்டி மூடுபனி படிவதும் இந்தக் கதைதான். நமக்கு எட்டு ஒன்பது மணி வெயில் கலைத்துவிடும், அங்கே மாதக்கணக்கில் வெயிலே இல்லை.

சந்தேகம் தீர ஒன்று செய்யுங்கள். அந்தப் பயணத்தின் போலார்ஸ்டேர்ன் கப்பலில் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு பலூனாவது விட்டார்கள். அடுத்தடுத்த நாலைந்தை ஒரே வரைபில் போடுங்கள். முகில் மூடிய வேளையில் தரையோரத் தலைகீழ் நலிந்தால் தரவு சரி. எல்லாவற்றிலும் அச்சொட்டாக ஒரே வளைவு வந்தால், ஒரே கோப்பைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறீர்கள் (எக்செலில் இது சர்வசாதாரணம்).

அடிமட்டத்துச் சில பத்து மீற்றரை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். பலூன் கப்பல் தளத்திலிருந்து கிளம்புவதால் கப்பலின் சூடும் அதில் கலந்திருக்கும். அந்தப் பகுதிக்குப் பனிமேல் நட்ட கோபுரத்தின் அளவீட்டை எடுங்கள்.