கத்தரிச் செடியில் வெள்ளை உருண்டைகள்: மாவுப்பூச்சியா, சிலந்தி முட்டைப் பையா?

கேள்வி: கத்தரித் தோட்டத்தில் இலைகளுக்கு நடுவே பஞ்சு போன்ற உருண்டைகள் தொங்குகின்றன. மாவுப்பூச்சி என்று நினைத்து இரண்டைப் பிய்த்து எரித்துவிட்டேன். ஓர் உருண்டைமேல் பச்சைச் சிலந்தி ஒன்று அசையாமல் இருக்கிறது. மருந்து அடிக்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா, தெளிப்பானைக் கீழே வையுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது சிலந்தியின் முட்டைப் பை. மேலே இருப்பது அதன் தாய். நீண்ட கால்களில் கறுப்பு முட்கள் துருத்திக்கொண்டு தெரிகின்றன, பாருங்கள். வலை பின்னிக் காத்திராமல் செடியிலேயே பாய்ந்து இரை பிடிக்கும் வகை இது. குஞ்சுகள் வெளிவரும் வரை பையைக் கட்டிக்கொண்டு காவல் இருக்கும். நாமாகக் கையால் சீண்டாத வரை கடிக்காது.

சந்தேகம் வந்தால் ஓர் ஈர்க்குச்சியால் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சியாக இருந்தால் வெள்ளை மாவு குச்சியில் ஒட்டும், நசுங்கினால் பிசுபிசுக்கும். அங்கே எறும்பு ஊரும், கீழ் இலைகளில் கரும்பூசணம் படியும், குருத்து சுருண்டிருக்கும். முட்டைப் பையின் உறையோ காகிதம் போல் கெட்டியாக இருக்கும், மாவு உதிராது. பக்கத்து இலைகளோடு இழைகள் அதை இழுத்துக் கட்டியிருக்கும். இலையடியில் தட்டையாக, பழுப்பு ரோமம் மூடிய முட்டைக் குவியல் கண்டால் அது புரோடீனியா அந்துப்பூச்சியுடையது; அதன் புழுக்கள் இலையைத் தின்னும். அதை இலையோடு கிள்ளி அழித்துவிடுங்கள்.

குஞ்சுகள் பைக்குள்ளேயே ஒருமுறை தோலுரித்துவிட்டுத்தான் வெளியே வரும். பிறகு நூல் விட்டுக் காற்றில் பறந்து தோட்டம் முழுக்கப் பரவும். தத்துப்பூச்சி, அசுவினி, சிறு அந்துப்பூச்சிகள் அவற்றுக்கு இரை. தேனீயையும் சில சமயம் பிடிக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் கத்தரிக்கு நன்மையே அதிகம். செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளை அடித்தால் முதலில் சாவது இந்தச் சிலந்திகள்தான். பின்னாலேயே செஞ்சிலந்திப் பேன் (சாறு உறிஞ்சும் நுண்ணிய பூச்சி, இந்தச் சிலந்தியல்ல) பெருகி இலையை வெளுக்க வைக்கும்.

மாவுப்பூச்சி உண்மையிலேயே இருந்தால், தாக்கிய குருத்துகளை மட்டும் வெட்டி எரியுங்கள். மீதிக்கு லிட்டருக்கு 20 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து, மாலையில், தாக்கிய இடத்தில் மட்டும் தெளியுங்கள்.

தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் புகுந்துவிட்ட துளைப்பான் புழுவைச் சிலந்தியால் எட்ட முடியாது. வாடித் தொங்கும் நுனிகளை வாரந்தோறும் நீங்கள்தான் கிள்ள வேண்டும். அப்படிக் கிள்ளும் கிளையில் முட்டைப் பை இருந்தால், பையுள்ள இலைகளை மட்டும் தாயோடு நறுக்கி, அடுத்த செடியின் கவட்டில் நிழலாகச் செருகிவிடுங்கள்.