மூன்றாவது பந்து

அன்புள்ள ஐயா,

நான் கொக்குவிலில் இருக்கிறேன். வயது 44. ஓர் அலுவலகத்தில் கணக்குப் பகுதியில் வேலை. கொழும்பிலிருந்து வந்த தம்பியின் மகன் மூன்று பந்துகளை மாறி மாறி எறிந்து பிடித்துக் காட்டினான். ஜக்லிங் என்றான். ஆசை பிடித்து இரண்டு கிழமையாக நானும் தேசிக்காய்களை வைத்து முயற்சி செய்கிறேன். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான். இரண்டு சரி, மூன்று வராது. சின்ன வயதில் அக்காவோடு கொக்கான் வெட்டியதைத் தவிர வேறெந்த விளையாட்டும் எனக்கு வந்ததில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்குமே விளையாட்டு வராது. இந்த வயதில் இனி வருமா? மூளைக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா? நல்ல காணொளி இருந்தால் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள தங்கச்சி,

காணொளி எதுவானாலும் சரி. எல்லாரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். மூளை விஷயமும் உண்மை. 2004இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் சிலருக்கு இதே மூன்று பந்தை மூன்று மாதம் பழக்கிப் பார்த்தார்கள். அசையும் பொருளைக் கண்டுணரும் மூளைப் பகுதி சற்றுத் தடித்திருந்தது. விளையாட்டை விட்ட பிறகு திரும்ப மெலிந்தது. 2008இல் அறுபது வயதை ஒட்டியவர்களிடமும் அந்த மாற்றத்தைக் கண்டார்கள். அதற்காகக் கஷாயம் குடிப்பதுபோலப் பந்து எறியாதீர்கள். நாலு நாளில் சலித்துவிடும்.

நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. கணக்குப் பகுதியில் இருக்கிறீர்கள், உங்கள் கடிதத்தையே ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வராது, வந்ததில்லை, வராது, வருமா. நாலு!

இந்தச் சொல்லோடு எனக்குக் கொஞ்ச நாளாகவே சண்டை. எங்கள் ஊரில் சைக்கிள் பழகுகிறோம், நீச்சல் பழகுகிறோம், தையல் பழகுகிறோம். இவ்வளவு நல்ல சொல்லை வாயில் வைத்துக்கொண்டு, கணக்கு வராது, பாட்டு வராது என்கிறோம். கணக்கு என்ன, படலையில் வந்து நின்று கூப்பிடுகிற விருந்தாளியா? 'ஏலாது' என்று எழுதியிருந்தால்கூட எனக்குக் கோபம் வந்திராது. கை முறிந்தவருக்கு ஏலாதுதான். 'தெரியாது' நேர்மையான சொல். 'வராது' என்றால் பழி, வராத பொருளின் மேல் போய்விடும், நாம் விறாந்தையில் சாய்ந்திருக்கலாம். எட்டாம் ஆண்டில் ஒரு வாத்தியார் என்னிடம், "உனக்குக் கணக்கு வராதடா" என்றார். இருபது வருடம் அதை நற்சான்றிதழ்போலக் காவித் திரிந்தேன். அந்தத் தவணை முழுக்க நான் வீட்டுவேலை செய்துகொண்டு போனதே இல்லை என்பதை யாருக்கும் சொல்லவில்லை.

என் பெரியம்மா 47 வயதில் சைக்கிள் பழகினார். 1992. யாழ்ப்பாணத்தில் யுத்தமும் பொருளாதாரத் தடையுமான காலம், பெற்றோல் கிடையாது. அவர் படிப்பித்த பள்ளிக்கூடம் நாலு கட்டை தள்ளி. குமர்ப்பிள்ளைகள் எல்லாரும் சைக்கிள் ஓடினார்கள், ஆனால் சீலை கட்டிய ரீச்சர் அந்த வயதில் பழகுவதை ஊர் பார்த்ததில்லை. அவருக்கும் உங்களைப் போலத்தான், வெட்கம். ஆகவே இருட்டின பிறகு பிள்ளையார் கோயில் மேற்கு வீதி மணலில். கரண்டும் இல்லை, நிலவுதான். பின்னால் சீற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியது பதினேழு வயது நான். விழுந்தால் எழும்பிச் சீலை மண்ணைத் தட்டுவார், "எத்தினை, தம்பி?" என்று கேட்பார். வீட்டுக்கு வந்ததும் கலண்டரில் அன்றைய திகதிக்குக் கீழே விழுந்த கணக்குக்குப் புள்ளடி போடுவார். மொத்தம் 31 புள்ளடி. பிறகு கலண்டர் வெறுமையாகவே கிடந்தது. 'வந்தது' எந்த நாள் என்று கேட்டால் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்படி ஒரு நாள் கலண்டரில் இல்லை.

யாழ்ப்பாணச் சனம் எல்லாம் இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு அதே சைக்கிளில் இரண்டு பையையும் ஒரு பானையையும் கட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். ஓடவில்லை. மழைக்குள், அந்தச் சனத்துக்குள் எங்கே ஓடுவது? விடியும்வரை உருட்டிக்கொண்டே போனார்.

எங்கே விட்டேன்? கொக்கான். உங்கள் கடிதத்தில் என்னை உண்மையாகவே எரிச்சல்படுத்திய இடம் அதுதான். 'தவிர' என்று ஒதுக்கிவிட்டீர்கள்! ஒரு கல்லை மேலே எறிந்து, அது கீழே வருவதற்குள் நிலத்தில் கிடக்கிற நாலையும் அள்ளி, வந்த கல்லையும் ஏந்துகிற கை உங்களுடையது. சங்க காலத்துப் பெண்கள் ஆடிய கழங்கும் இந்த வகைதான். பெண்பால் பிள்ளைத்தமிழில் அம்மானைக்கென்று ஒரு பருவமே இருக்கிறது. அம்மானை என்றால் என்ன, காய்களை மாறி மாறி மேலே எறிந்து பிடிப்பதுதானே? ஆம்பிளைப் பெடியள் ஆடும் கிரிக்கெட் மட்டும் விளையாட்டு, பெண்டுகள் மண்டபத்தில் இருந்து ஆடியது பொழுதுபோக்கு என்று யார் உங்களுக்குச் சொன்னது?

சரி, பந்து. இடுப்பளவிலிருந்து கண் உயரத்துக்குப் போய்த் திரும்பி வர ஏறக்குறைய முக்கால் விநாடி. அது காணாது என்று உயர எறியாதீர்கள். நேரம் இரண்டு மடங்காக உயரம் நாலு மடங்காக வேண்டும். ஃபேனில் அடிக்கும். ஒரு பந்து உச்சிக்குப் போகும்போது மற்றக் கையிலிருந்து அடுத்ததை விடுங்கள். கண் உச்சியில் நிற்கட்டும், கையைப் பார்க்க வேண்டாம். இரண்டோடு நின்றுவிடுகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாவதை எறிவதே இல்லை. பயத்தில் கைக்குள் பொத்திக்கொண்டு நிற்பார்கள். நீங்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ஒரு கிழமைக்குப் பிடிப்பதை மறந்துவிடுங்கள். கட்டிலுக்கு முன்னால் நின்று வலது, இடது, வலது என்று மூன்றையும் எறிந்து, மெத்தையில் விழ விடுங்கள். பழைய துணியில் பயறு போட்டு மூன்று பொட்டலம் தைத்தால் விழுந்தாலும் உருளாது. கதவையும் திறந்து வையுங்கள், பொறுக்கித் தரப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தேசிக்காய் வேண்டாம், சின்னது. இரண்டு கிழமை அடிபட்டதில் நன்றாகக் கனிந்திருக்கும், இன்றைக்கே சொதிக்குப் பிழிந்துவிடுங்கள்.