ஈம்: இறந்தவர்களின் பெயர் வாசலில் இருக்கும் ஊர்

"இங்கிலாந்தின் சின்னக் கிராமங்களில் ஊர் வரலாற்றை ஊர்க்காரர்களே காப்பாற்றி வருகிறார்களாமே, அது எப்படி? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தீர்கள். எல்லாக் கிராமங்களையும் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. திரும்பத் திரும்பப் போய்வந்த ஒரே ஊரைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் ஷெஃபீல்டில் இருக்கிறேன். காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர் அது, டார்பிஷயர் மலைகளுக்கு நடுவே. ஆயிரம் பேர் அளவுக்குத்தான் மக்கள்தொகை. ஆங்கில எழுத்தைப் பார்த்தால் 'இயாம்' என்று படிக்கத் தோன்றும். ஊர்க்காரர்கள் 'ஈம்' என்கிறார்கள். முதல் தடவை அதைக் காதில் கேட்டபோது எனக்கு ஈமச்சடங்குதான் நினைவுக்கு வந்தது. இரண்டு சொல்லுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் ஊரின் கதை தெரிந்த பிறகு அந்த நினைப்பு போகவே இல்லை.

1665 கோடையின் முடிவில் லண்டனிலிருந்து ஒரு துணி மூட்டை இந்த ஊர்த் தையல்காரர் வீட்டுக்கு வந்தது. ஈரமாக இருந்ததால், அங்கே வேலை செய்த ஜார்ஜ் விக்கர்ஸ் அதைப் பிரித்து அடுப்பருகே உலர்த்தினார். துணியில் தெள்ளுப்பூச்சிகள் இருந்தன, அவற்றோடு பிளேக்கும் வந்தது என்பதுதான் வழிவழியாகச் சொல்லப்படுவது. செப்டம்பர் 7ஆம் தேதி அவரைப் புதைத்தார்கள்.

அந்த வீடு இன்னும் நிற்கிறது, தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே. ஆட்கள் குடியிருக்கிற வீடு. ஜன்னலில் திரைச்சீலை, முன்னால் பூச்செடிகள். அதன் முன்னே பச்சை நிறத்தில் ஒரு பலகை. மேரி ஹாட்ஃபீல்டின் குடும்பம் இங்கே இருந்தது என்று அது சொல்கிறது. விக்கர்ஸுக்குப் பிறகு அவளுடைய 4 வயது மகன் எட்வர்ட், அடுத்து 12 வயது ஜோனதன், மறு வருடம் கணவன், அந்தத் தையல்காரர் அலெக்ஸாண்டர். மேரி மட்டும் பிழைத்தாள். உறவில் 13 பேரை இழந்திருந்தாள். அடுத்தடுத்த வீடுகளிலும் இப்படியே பலகைகள். என் மகள் ஒவ்வொரு பலகை முன்னாலும் நின்று வயதை மட்டும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். நாலைந்து வீடு தாண்டியதும் படிப்பதை நிறுத்திவிட்டாள்.

உங்கள் கேள்விக்கு என் பதில் அந்தப் பலகைகளில்தான் இருக்கிறது. அவற்றில் பிரபுக்கள் இல்லை. தையல்காரர், விவசாயி, சுரங்கத் தொழிலாளி, அவர்களின் பிள்ளைகள். 350 வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஏழைக் குழந்தையின் பெயரும் இறந்த தேதியும் எப்படி மிஞ்சின? 1538இல் தாமஸ் கிராம்வெல் இட்ட உத்தரவு ஒன்று காரணம். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு தேவாலயமும் வாராவாரம் ஏட்டில் எழுத வேண்டும் என்றார். அந்தக் காலத்து ஊர்ச் செய்தி என்பதே அந்த ஏடுதான். எழுதியவர்கள் வரலாறு எழுதுவதாக நினைத்திருக்க மாட்டார்கள். அந்த வாரம் நடந்ததை எழுதினார்கள், அவ்வளவுதான்.

1666 ஜூனில் நோய் மறுபடி வேகமெடுத்தபோது ஊர் எடுத்த முடிவு உலகம் அறிந்தது. பாதிரியார் வில்லியம் மாம்பெசனுக்கு 28 வயதுகூடத் தாண்டவில்லை. ஊருக்குப் புதியவர், அவரை மக்கள் அவ்வளவாக நம்பவில்லை. முன்பு பாதிரியாராக இருந்து, எல்லாத் தேவாலயங்களும் ஒரே வழிபாட்டு முறையைப் பின்பற்ற வேண்டும் என்ற 1662 சட்டத்துக்குப் பணிய மறுத்துப் பதவி இழந்த தாமஸ் ஸ்டான்லியைத்தான் நம்பினார்கள். எதிரெதிர் அணியைச் சேர்ந்த அந்த இருவரும் சேர்ந்து பேசிய பிறகே ஊர் சம்மதித்தது: யாரும் எல்லையைத் தாண்டக் கூடாது, தேவாலயத்தைப் பூட்டிவிட்டு கக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்கில் திறந்தவெளியில் கூட வேண்டும், அவரவர் வீட்டுப் பிணத்தை அவரவரே புதைக்க வேண்டும். வசதியுள்ள சிலர் அதற்குள் கிளம்பிப் போயிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தங்கியவர்களுக்கு, பக்கத்தில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகையிலிருந்து டெவன்ஷயர் பிரபு உணவு அனுப்பினார்.

ஊருக்கு வெளியே ரைலி கல்லறைகள் என்று ஒரு இடம், வயல் நடுவே சின்ன வட்டச் சுவர். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் 1666 ஆகஸ்டில் எட்டே நாளில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையால் புதைத்தது அங்கேதான். அந்தச் சுவரருகே போய் நின்றால் பேச்சு வராது. அதே ஆகஸ்டில் மாம்பெசனின் மனைவி கேத்தரினும் போனாள். நவம்பர் 1ஆம் தேதியோடு சாவு நின்றது. மொத்தம் 260 பேருக்கு மேல்.

இந்த ஊரிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது, தன் கதையைத் தானே திருத்திக்கொள்ளத் தயங்காதது. 350 பேரில் 83 பேர்தான் மிஞ்சினார்கள் என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். ஊரில் 800 பேர் வரை இருந்திருக்கலாம், அதில் 430 பேர் பிழைத்திருக்கலாம் என்ற கணக்கு பிறகு வந்தது. தியாகத்தின் எடை குறைந்துவிடுமே என்று அதை யாரும் மூடி மறைக்கவில்லை. 2016இல் ஆய்வாளர்கள் அந்த அடக்கத் தேதிகளை வைத்தே கணக்கிட்டு, தொற்றில் முக்கால் பங்கு மனிதரிடமிருந்து மனிதருக்கு நேராகப் பரவியிருக்க வேண்டும் என்றார்கள். துணி மூட்டைக் கதைக்கு அது ஒரு புதுப் பக்கம்.

கிளாரன்ஸ் டேனியல் என்ற உள்ளூர்க்காரர் வாழ்நாள் முழுக்க ஊர் சம்பந்தமான பொருட்களைச் சேர்த்து வைத்தார். அவை இன்று பழைய மெதடிஸ்ட் ஆலயக் கட்டடத்தில் இருக்கும் அருங்காட்சியகத்தில் உள்ளன. அதை நடத்துவதும் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான்.

போக நினைத்தால் ஆகஸ்ட் கடைசி வாரம் போங்கள். கிணறுகளுக்கு அலங்காரம் செய்வார்கள்: மரப்பலகையில் ஈரக் களிமண் பூசி, பூவிதழ், இலை, விதை இவற்றை அழுத்திச் சித்திரமாக்குவது. இது டார்பிஷயரில் அதிகம் காணப்படும் வழக்கம். பார்க்க நம் பூக்கோலத்தை நிமிர்த்தி வைத்ததுபோல இருக்கும். கடைசி ஞாயிறு 'பிளேக் ஞாயிறு'. அன்று ஊரே நடந்து அந்தப் பள்ளத்தாக்குக்குப் போய் வழிபடும்.

அப்புறம், பக்கத்துக் கிராமமான ஸ்டோனி மிடில்டன் போகும் பக்கம் வயலில் ஒரு எல்லைக்கல் இருக்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள். மேலே ஆறு குழிகள். வெளியூர்க்காரர்கள் வைத்துப்போன சாமான்களுக்கு விலையாக, ஈம் ஊர்க்காரர்கள் குழியில் வினிகர் ஊற்றி அதில் காசு போடுவார்களாம், நோய் காசோடு போகாமல் இருக்க. மழைத்தண்ணீர் நின்ற ஒரு குழியில் யாரோ போட்டிருந்த சில்லறை கிடந்தது. என் மகளும் ஒரு காசை அதில் மெதுவாக இறக்கிவிட்டு வந்தாள்.