கிளாஸ் க்வெஸ்ட்: நீங்கள் கேட்டவை, எனக்குத் தெரிந்தவை

ஆன்லைன் ரோல்-பிளே விளையாட்டுகளில் வரும் கிளாஸ் க்வெஸ்ட் பற்றி யார் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். (கிளாஸ் என்பது நாம் ஆடும் பாத்திரத்தின் வகை, க்வெஸ்ட் என்பது விளையாட்டு கொடுக்கும் பணி.) நிறைய கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் அதிகம் ஆடியது வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். முதலில் வார்லாக் (பேய்களை ஏவும் மந்திரவாதி), அப்புறம் பிரீஸ்ட் (காயத்தை ஆற்றும் பூசாரி). அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும்.

கேள்வி: அக்கா, நான் இப்போதுதான் ஆட ஆரம்பித்திருக்கிறேன். கிளாஸ் க்வெஸ்ட் என்றால் என்ன? சாதாரண க்வெஸ்டுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

ஒரு குறிப்பிட்ட கிளாஸுக்கு மட்டுமே கிடைக்கும் க்வெஸ்ட். மற்றவர்களின் திரையில், க்வெஸ்ட் தரும் ஆளின் தலைக்கு மேல் ஆச்சரியக்குறியே தெரியாது. அவ்வளவுதான் விளக்கம். ஆனால் அது என்ன செய்கிறது என்பதை ஒரு உதாரணத்தோடு சொன்னால்தான் புரியும்.

பழைய வார்கிராஃப்டில் மனித வார்லாக் பத்தாம் லெவல் வந்ததும் மனிதர்களின் தலைநகரமான ஸ்டார்ம்விண்டுக்குப் போக வேண்டும். மேஜ்கள் (மந்திரவாதிகள்) வசிக்கும் பகுதியில் ஸ்லாட்டர்டு லாம்ப் என்று ஒரு மதுக்கடை இருக்கிறது. உள்ளே போய்ப் படியிறங்கினால், நகரத்துக்குத் தெரியாமல் வார்லாக்குகள் கூடும் நிலவறை. அங்கே ஒருவர் உங்களை எல்வின் காட்டுக்கு அனுப்புகிறார். பூசணித் தோட்டத்தில் இருக்கும் சுரீனா கேலிடன் என்ற பெண்ணைக் கொன்று, அவள் கழுத்திலிருக்கும் ரத்தக்கல் மாலையை எடுத்து வர வேண்டும். திரும்பி வந்து, அந்த நிலவறையின் அடியில் தரையில் வரைந்திருக்கும் வட்டத்துக்குள் நின்று மாலையைப் பயன்படுத்தினால் வாய்ட்வாக்கர் என்ற பேய் எழுந்து வரும். வந்ததும் உங்களைத்தான் அடிக்கும்! அதை அடித்து வீழ்த்திய பிறகுதான் அது உங்கள் அடிமை.

இதே வாய்ட்வாக்கரைப் பத்தாம் லெவலில் பயிற்சியாளரிடம் சில வெள்ளிக்காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் சண்டையில் அதே பலம்தான். ஆனால் ஒளிந்து வாழும் கூட்டத்தில் ஒருவன் நான், என்னோடு வரும் இந்தப் பேய் என்னைக் கொல்லப் பார்த்தது, நான்தான் அதை அடக்கினேன் என்ற மூன்று விஷயங்கள் அதில் இருந்திருக்காது.

கேள்வி: கிளாஸ் என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நான் கிளாஸ் என்றே எழுதுகிறேன். ‘வகுப்பு’ பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுகிறது. ‘தொழில்’ என்று ஒரு காலம் எழுதிப் பார்த்தேன். ஆனால் விளையாட்டுக்குள் சுரங்கம் தோண்டுவதும் தையலும்தான் தொழில், இரண்டும் குழம்பிவிடும். ‘குலம்’ என்று ஒருவர் சொன்னார். அதை நான் ஒருபோதும் எழுத மாட்டேன். குலம் பிறப்பால் வருவது. கிளாஸ் நாமே தேர்ந்தெடுப்பது, அதன் அழகே அதில்தான் இருக்கிறது.

கேள்வி: நல்ல கிளாஸ் க்வெஸ்டுக்கு அடையாளம் என்ன? பரிசா, கதையா?

இரண்டும் இல்லை. அந்த கிளாஸ் என்ன செய்யத் தெரிந்ததோ, அதைச் செய்தால் மட்டுமே முடிகிற மாதிரி இருக்க வேண்டும். நான் மாற்றிக்கொள்ளாத கருத்து இது.

வேட்டைக்காரனான ஹண்டரின் ரோக்டெலார் வில்லை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய குழுவாகப் போகும் மோல்டன் கோர் நிலவறையில், மேஜர்டோமோ என்ற எதிரியின் பெட்டியிலிருந்து ஒரு பழைய இலை கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு ஃபெல்வுட்டில் இருக்கும் வார்ட்ரஸ் என்ற பெருமரத்திடம் போனால், வேடமிட்டுத் திரியும் நான்கு பேய்களைக் கொல்லச் சொல்வார். உன்கோரோவில் சிமோன், பர்னிங் ஸ்டெப்ஸில் ஃபிராங்க்ளின், விண்டர்ஸ்பிரிங்கில் ஆர்டோரியஸ், சிலிதஸில் நெல்சன். நான்கையும் தனியாகக் கொல்ல வேண்டும். நண்பர் ஒருவர் இடையில் புகுந்தால் ‘கிளீனர்’ என்று ஒருவன் தோன்றி ஆட்டத்தையே முடித்துவிடுவான். ஓடிக்கொண்டே எய்வது, பொறி வைப்பது, எந்த ஸ்டிங்கை (விஷ அம்பு வித்தையை) யார் மேல் போடுவது என்று, அறுபது லெவல் வரை பாதி கவனத்தோடு செய்துவந்ததையெல்லாம் இங்கே முழுக் கவனத்தோடு செய்தாக வேண்டும். அந்த வில்லை முதுகில் மாட்டிக்கொண்டு ஒருவர் ஐயர்ன்ஃபோர்ஜ் நகரத்தின் வங்கி வாசலில் நின்றால், அவருக்கு ஹண்டர் ஆடத் தெரியும் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் அவருக்காக அதைச் செய்து கொடுத்திருக்க முடியாது.

கேள்வி: அப்படியென்றால் சண்டையே இல்லாத கிளாஸ் க்வெஸ்ட் நன்றாக இருக்காதா?

இருக்கும். மிருகமாக உருமாறும் ட்ரூயிட் கிளாஸ் பத்தாம் லெவலில் மூன்கிளேடுக்குப் போய்ப் பெருங்கரடியின் ஆவியிடம் பேச வேண்டும். பேசுவது மட்டும்தான். பிறகு லூனாக்ளா என்ற எதிரியோடு ஒரு சண்டை உண்டு, ஆனால் எனக்கு நினைவிலிருப்பது அந்தப் பேச்சுதான். கரடியாக மாறப்போகிறவன் கரடியிடம் கேட்டுவிட்டுத்தானே மாற வேண்டும்?

கேள்வி: இவ்வளவு நல்ல விஷயத்தை ஏன் எடுத்தார்கள்? வார்கிராஃப்டின் கேட்டக்ளிசம் விரிவாக்கத்துக்குப் பிறகு வந்தவன் நான். எனக்கு இதெல்லாம் கிடைக்கவே இல்லை.

2010-இல் கேட்டக்ளிசம் வந்தபோது பழைய உலகத்தையே திருத்தி எழுதினார்கள். அதில் பெரும்பாலான பழைய கிளாஸ் க்வெஸ்டுகள் போய்விட்டன. வார்லாக்கின் பேய்களும் ஷாமன் கிளாஸின் டோட்டம்களும் (மந்திரக் கம்பங்கள்) லெவல் ஏறினால் தானாக வர ஆரம்பித்தன. உங்கள் வருத்தம் நியாயமானது.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். முதலில் ஒன்பது கிளாஸ்கள். ஒரு க்வெஸ்டை ஒரு கிளாஸுக்காகச் செய்தால் மற்ற எட்டு கிளாஸ்காரர்களும் அதைப் பார்க்க மாட்டார்கள். ஒன்பது பேருக்கும் செய்வதென்றால் ஒன்பது மடங்கு வேலை. வேறொரு பக்கமும் உண்டு. அவசரமாக லெவல் ஏறுகிறவருக்கு, ஒரு ஷாமன் டோட்டத்துக்காகக் கண்டத்தைத் தாண்டி நடப்பது தொல்லை. ஷாமனின் நீர் டோட்ட க்வெஸ்டில் அலைந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். அலைச்சலைக் குறைத்திருக்கலாம், க்வெஸ்டையே தூக்கியிருக்க வேண்டியதில்லை என்பதுதான் என் எண்ணம். பழைய வடிவத்தையே ஆடக் கிடைக்கும் கிளாசிக் சர்வர்கள் 2019-இல் திறந்தன. அதில் ஒரு வார்லாக்கை உருவாக்கி இருபது லெவல் வரையாவது ஆடிப் பாருங்கள்.

கேள்வி: லீஜியன் விரிவாக்கத்தில் கிளாஸ் ஹால் வந்ததே, அது போதாதா?

2016-இல் வந்த லீஜியனில் 12 கிளாஸுக்கும் தனித்தனி இருப்பிடம், 36 ஸ்பெக்குக்கும் (கிளாஸின் உட்பிரிவு) தனித்தனி ஆயுதம் வந்தன. உழைப்பு என்றால் அப்படியொரு உழைப்பு. பல ஆயுதக் கதைகள் அருமையானவை.

குறை ஒன்றுதான். பாலடின் (புனிதப் போர்வீரன்) கிளாஸின் ரெட்ரிபியூஷன் ஸ்பெக்கை ஆடும் ஒவ்வொருவர் கையிலும் ஆஷ்பிரிங்கர். உலகத்தில் ஒன்றே ஒன்று என்று பத்து வருடமாகக் கதை சொன்ன வாள். ஹாலுக்குள் உங்களை ஹைலார்ட், அதாவது தலைவர், என்று வணங்குகிறார்கள். பக்கத்தில் நிற்கும் நாற்பது பேரும் ஹைலார்ட். பழைய க்வெஸ்டுகள் ‘நீ எங்களில் ஒருவன்’ என்றன. லீஜியன் ‘நீதான் எங்கள் தலைவன்’ என்றது. ஆயிரம் பேர் சேர்ந்து ஆடும் விளையாட்டில் முதலாவதுதான் உண்மையாகப் படுகிறது.

கேள்வி: டெத் நைட்டின் ஆரம்பக் கதை ஏன் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது?

டெத் நைட் கிளாஸ் 2008-இல் ராத் ஆஃப் தி லிச் கிங் விரிவாக்கத்தோடு வந்தது. ஆரம்பத்தில் நீங்கள் லிச் கிங்கின் அடிமை. அதில் தப்பு செய்பவர் நீங்கள். ஒரு கட்டத்தில் சிறையில் கிடக்கும் ஒருவரைக் கொல்லச் சொல்கிறார்கள். அவர் உங்கள் இனத்தைச் சேர்ந்தவர், உங்களை முன்பே தெரிந்தவர். நீ யாரென்று நினைவில்லையா என்று கெஞ்சுவார். வேறு வழி இல்லை, கொன்றால்தான் கதை நகரும். லிச் கிங்கிடமிருந்து விடுபட்ட பின், அலையன்ஸ் (மனிதர்களின் அணி) தரப்பு டெத் நைட் ஸ்டார்ம்விண்டுக்குள் நடந்து போகிறார். அரண்மனை வரை, இருபக்கமும் நிற்பவர்கள் அழுகிய பழத்தை வீசுகிறார்கள், துப்புகிறார்கள். அதைத் தடுக்க ஒரு பொத்தானும் இல்லை, நடந்துதான் போக வேண்டும். அந்த நூறு அடி நடையில் டெத் நைட் யாரென்று புரிந்துவிடும்.

கேள்வி: ஃபைனல் ஃபேண்டஸி 14-இல் ஒரே கேரக்டர் எல்லா ஜாபும் (அங்கே கிளாஸுக்குப் பெயர்) ஆடலாம். அங்கே அடையாளம் எப்படி ஒட்டும்?

நல்ல கேள்வி. நானும் சந்தேகத்தோடுதான் போனேன். அங்கே ஜாப் என்பது ஒரு கல்லில் இருக்கிறது. முன்பு அந்த வித்தையைக் கற்றவர்களின் நினைவு அந்தக் கல்லில் தங்கியிருப்பதாகக் கதை. அதனால் நீங்கள் யார் என்பது மாறுவதில்லை, யாரிடமிருந்து கற்கிறீர்கள் என்பது மாறுகிறது.

ஹெவன்ஸ்வர்ட் விரிவாக்கத்தில் வந்த டார்க் நைட் ஜாபின் கதையைக் கண்டிப்பாக ஆடுங்கள். இஷ்கார்ட் நகரில் இறந்து கிடக்கும் ஒரு டார்க் நைட்டின் கல்லைத் தொடுவதில் ஆரம்பம். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். ஊரார் வேலையையெல்லாம் வாய் பேசாமல் செய்துகொடுக்கும் நாயகனுக்கு உள்ளே என்னதான் இருக்கிறது என்று அந்தக் கதை கேட்கிறது. மெயின் கதை அதைக் கேட்டதே இல்லை. 2019-இல் ஷேடோபிரிங்கர்ஸ் விரிவாக்கம் வந்தபோது தனி ஜாப் கதைகளுக்குப் பதில் டேங்க் (அடி தாங்குபவர்), ஹீலர் (குணமாக்குபவர்) என்று பிரிவுவாரியான கதைகள் வந்துவிட்டன. நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் ஹீலர்களான ஒயிட் மேஜுக்கும் ஸ்காலருக்கும் ஒரே கதை என்பது எனக்கு ஒப்பவில்லை.

கேள்வி: ஸ்டார் வார்ஸ் தி ஓல்ட் ரிபப்ளிக்கில் எந்தக் கதையை முதலில் ஆடலாம்?

இம்பீரியல் ஏஜெண்ட். எட்டு கிளாஸ் கதைகளில் அதுதான் கெட்டியானது. 2015 விரிவாக்கத்திலிருந்து எட்டுப் பேரும் ‘அவுட்லாண்டர்’ என்ற ஒரே ஆளாகிவிடுகிறார்கள். அதற்குள் போக அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: அக்கா, ராக்னராக் விளையாட்டு பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே?

சொல்கிறேன் தம்பி. அதன் மறுபிறப்பை நான் மறக்க மாட்டேன். 99-ஆம் லெவல் வரை ஏறியவர் ஜூனோ நகரத்துக்குப் போய் 12,85,000 ஜெனி (அந்த விளையாட்டின் பணம்) கட்டி, யிமிரின் புத்தகத்தை வாசித்து, வால்கிரி என்ற தேவதையிடம் போக வேண்டும். கையில் ஒரு பொருள் இருக்கக்கூடாது, ஒரு ஜெனி மிச்சம் இருக்கக்கூடாது, ஸ்கில் பாயிண்ட் எதுவும் பாக்கி இருக்கக்கூடாது. சேர்த்ததையெல்லாம் ஸ்டோரேஜில் வைத்துவிட்டு வெறுங்கையோடு நின்றால், அவர் உங்களைத் திரும்ப ஒன்றாம் லெவல் நாவிஸாக்கி (கற்றுக்குட்டியாக்கி) அனுப்புவார். சண்டையே கிடையாது. ஆனால் அத்தனையையும் இறக்கி வைக்கும் அந்தப் பத்து நிமிடம் கை நடுங்கும்.

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்ன விளையாட்டு செய்கிறோம். ஐந்து கிளாஸ். ஆளுக்கொரு கதை எழுத நேரமும் இல்லை, பணமும் இல்லை. என்ன செய்யலாம்?

புதிய இடம் செய்யாதீர்கள். வார்கிராஃப்டில் பாலடினுக்கு வெரிகன்ஸ் ஃபிஸ்ட் என்ற சுத்தியைத் தரும் க்வெஸ்டைப் பாருங்கள். ஐயர்ன்ஃபோர்ஜ் வாசலில் நிற்கும் ஜோர்டன் என்ற கொல்லர் உங்களுக்கு ஒரு சுத்தி செய்து தருவதாகச் சொல்கிறார். அதற்கான மரக்கட்டை டெட்மைன்ஸ் நிலவறையில் இருக்கிறது. அவருடைய பழைய சம்மட்டி ஷேடோஃபேங் கோட்டையில். தாது லாக் மோடனில். எல்லாம் ஏற்கனவே இருக்கும் இடங்கள். ஒரு கட்டை, ஒரு சம்மட்டி, ஒரு மூட்டை, இவற்றை மட்டும் உள்ளே வைத்தார்கள். நான்கு நண்பர்கள் கூட வந்தாலும் அந்தச் சம்மட்டியை எடுக்கக் குனிகிறவர் பாலடின் மட்டும்தான். மற்றவர்கள் நின்று காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்புதான் மரியாதை.

உங்களுக்கு நான் சொல்வது இது. ஒரே ஒரு நிலவறை போதும். ஐந்து கிளாஸுக்கும் அதில் ஒவ்வொரு மூலையைக் கொடுங்கள். திருடனுக்கு மட்டும் திறக்கும் பூட்டு, மருத்துவருக்கு மட்டும் பேசும் நோயாளி என்று. கூலியாகப் பெரிய ஆயுதம் வேண்டாம், அவர்கள் தினமும் பயன்படுத்தப் போகும் ஒரு வித்தையைக் கொடுங்கள். அதைப் பயன்படுத்தும்போதெல்லாம் கற்ற இடம் நினைவுக்கு வரும். அப்புறம், தோற்க இடம் வையுங்கள். எப்படி ஆடினாலும் முடிந்துவிடும் க்வெஸ்டை அடுத்த நாளே மறந்துவிடுவார்கள்.

கேள்வி: கிளாசிக்கில் பிரீஸ்ட் ஆடுகிறேன். பெனடிக்‌ஷன் என்ற கைத்தடிக்கான க்வெஸ்டில் மூன்று முறை தோற்றுவிட்டேன். பதினைந்து பேர் செத்துவிடுகிறார்கள். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். தெரியாதவர்களுக்காக ஒரு வரி: ஈஸ்டர்ன் பிளேக்லாண்ட்ஸில் எரிஸ் ஹேவன்ஃபயர் என்ற ஆவியிடம் பேசினால் ஓடி வரும் குடியானவர்களில் 50 பேரை ஒளிக்குள் அனுப்ப வேண்டும், 15 பேர் இறந்தால் தோல்வி. வேறு யாரும் உதவக்கூடாது.

முதலில் ஷிஃப்டோடு வி அழுத்தி நண்பர்களின் பெயர்ப்பட்டையை வரவழையுங்கள். ஆட்களைக் கிளிக் செய்யாமல் பட்டையைக் கிளிக் செய்யுங்கள். பெரிய ஹீல் (உயிரை ஏற்றும் மந்திரம்) எதையும் போடாதீர்கள், அது முடிவதற்குள் வேறு இருவர் விழுந்துவிடுவார்கள். சிறிய ரேங்க் (மந்திரத்தின் படிநிலை) ஃபிளாஷ் ஹீலும், மெல்ல உயிரை ஏற்றும் ரின்யூவும் போதும். மேட்டிலிருந்து அம்பு விடுகிறவர்களைத் துரத்திப் போகாதீர்கள். பிளேக் பிடித்து வருகிறவர்களுக்கு நோயை எடுப்பதுதான் முதல் வேலை, உயிரை ஏற்றுவது பிறகு.

நான் நான்காவது முறைதான் முடித்தேன். முதல் மூன்று முறையும் எல்லோரையும் காப்பாற்றப் பார்த்தேன். நான்காவது முறை, பட்டை சிவந்து தடுமாறி வந்த ஒருவரை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் மேல் ஷீல்டு போட்டேன். அவர் என் காலடியில் விழுந்தார். அந்த இருவரும் ஒளிக்குள் போனார்கள். நீங்களும் அதைச் செய்ய வேண்டியிருக்கும். அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு, பையில் மேனா போஷன் (மந்திர சக்தியை நிரப்பும் மருந்து) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எரிஸிடம் பேசுங்கள்.