விரலைப் பார்க்கிறான், கொக்கைப் பார்ப்பதில்லை!

கேள்வி: மகள் வயிற்றுப் பேரனுக்கு எட்டு மாதம். கொல்லைப் பக்கம் இடுப்பில் தூக்கிப்போய், வயலைக் காட்டி, “அதோ கொக்கு” என்றால் என் விரலையே பார்க்கிறான். அக்கம்பக்கத்தார் பயமுறுத்துகிறார்கள். டாக்டரிடம் காட்ட வேண்டுமா?
- வாசகி, வலங்கைமான்

பதில்: பயமே வேண்டாம் அம்மா. விரல் நீளும் திசையில் போய்ப் பொருளைக் கண்டுபிடிப்பது ஒரு வயதை ஒட்டித்தான் கைகூடும். அதற்கு முன்பே வருவது, நம் தலை திரும்பும் பக்கம் தானும் திரும்புவது. ஸ்கைஃப், புரூனர் என்ற உளவியலாளர்கள் 1975-லேயே இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஆறு மாதத்தில் பக்கம் சரியாகப் பிடிபடும். ஆனால் அந்தப் பக்கம் முதலில் கண்ணில் படுவதோடு நின்றுவிடும். நீங்கள் கொக்கைப் பார்த்தால் அவன் கொடியில் காயும் சேலையைப் பார்ப்பான். ஒன்பது மாதத்தில்கூட, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு தலையைத் திருப்பினாலும் அவனும் திரும்பிவிடுவான். பத்து, பதினொரு மாதத்தில்தான் திறந்த கண்ணுக்கும் மூடிய கண்ணுக்கும் வித்தியாசம் தெரியும்.

இடுப்பில் வைத்துக் காட்டும்போது உங்கள் முகம் அவனுக்குப் பக்கவாட்டில் போய்விடுகிறது, கண் தெரிவதில்லை. கொக்கும் வெகு தூரம். டிவியை நிறுத்திவிட்டு, ஒன்றரை அடி தள்ளி எதிரெதிரே உட்காருங்கள். பக்கவாட்டில் இரண்டடி தூரத்தில், அவன் பார்வைக்குள்ளேயே, ஒரு தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை வையுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் உங்கள் கண்ணைப் பார்த்தபிறகு தலையையும் கண்ணையும் சேர்த்து மெதுவாகப் பொம்மைப் பக்கம் திருப்பி, ஐந்து எண்ணும் வரை அப்படியே இருங்கள். பலரும் இங்கேதான் அவசரப்பட்டு, அவன் திரும்புவதற்குள் மறுபடி அவன் முகத்தைப் பார்த்துவிடுகிறார்கள். அவன் பார்த்த நொடியில் பொம்மையைத் தட்டி ஆடவிடுங்கள். “பொம்மை” என்று சொல்லுங்கள். உங்கள் பார்வைக்குப் பின்னால் போனால் ஏதோ கிடைக்கும் என்று அப்படித்தான் பழகும். ஒரு வேளைக்கு நாலைந்து தடவை போதும். பொம்மையை வாயில் வைக்க விடாதீர்கள், சாயம் உரியும். முதுகுக்குப் பின்னால் எதையும் வைக்க வேண்டாம். அதைத் திரும்பித் தேட ஒன்றரை வயதாகும்.

அவனே எதையாவது உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் இழுக்காமல், அதன் பெயரையே சொல்லுங்கள். சொல் சீக்கிரம் ஒட்டும்.

ஒரு வயதாகியும் கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ, ஒன்றரை வயதில் அறைக்குள் காட்டும் பொருளைப் பார்க்காவிட்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். முதலில் காதையும் கண்ணையும் சோதிக்கச் சொல்லுங்கள். குறைமாதத்தில் பிறந்தவன் என்றால் வயதை, பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து எண்ண வேண்டும்.